பல்லை நட்ட மருத்துவர்

பேராக் மாநிலத்தின் கோலகங்சார் நகரில் மிகப் பழைய பால்மரம் ஒன்று நிற்கிறது. 1877ஆம் ஆண்டில் அங்கு நடப்பட்ட கன்றுகளுள் எஞ்சி நிற்பது அது ஒன்றே. கன்றை ஓரிடத்திலிருந்து பெயர்த்து வேறோர் இடத்தில் நடுவது தோட்டப்புற மக்களுக்கு நன்கு பழகிய வேலை. வேர் காயாமலும் சிதையாமலும் எடுத்து நட்டால்தான் கன்று பிழைக்கும் என்பதை அவர்கள் அறிவார்கள். கன்றை நடுவதுபோல், இழந்த பல்லின் இடத்தில் வேறொரு பல்லை நட முடியுமா? இக்கேள்விக்கு விடை தேடியவர்களுள் புகழ்பெற்றவர் ஜான் ஹன்டர்.

ஜான் ஹன்டர் 1728ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் ஸ்காட்லாந்து நாட்டில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். பத்துப் பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. பள்ளிப் பாடங்களில் அவருக்கு நாட்டம் குறைவு. எறும்பு, தேனீ, பறவை, தலைப்பிரட்டை ஆகியவற்றை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பார். இலைகள் ஏன் நிறம் மாறுகின்றன என்று காண்போரையெல்லாம் கேட்பார். அவருக்குப் பதின்மூன்று வயதானபோது தந்தை காலமானார்.

அவருடைய அண்ணன் வில்லியம் ஹன்டர் லண்டனில் உடற்கூற்றியல் பள்ளி ஒன்றை நடத்திவந்தார். 1748ஆம் ஆண்டில் ஜான் அவருக்கு உதவியாளராகச் சேர்ந்தார். ஏட்டுக் கல்வியில் பின்தங்கிய இளைஞர், உடலின் உறுப்புகளைப் பிரித்து ஆராய்வதில் விரைவிலேயே வல்லவரானார். பின்னர், இராணுவத்தில் அறுவை மருத்துவராகப் பணியாற்றி, 1763ஆம் ஆண்டில் லண்டன் திரும்பினார்.

அக்காலத்தில் பல் பிடுங்கும் வேலையை முடிதிருத்துவோரும் கொல்லர்களும்கூடச் செய்துவந்தனர். பல்லைப் பற்றிய முறையான அறிவு பலரிடம் இல்லை. ஹன்டர் பல் மருத்துவர் ஒருவருடன் இணைந்து பணியாற்றினார். பற்களையும் தாடை எலும்புகளையும் நுணுகி ஆராய்ந்தார். 1771ஆம் ஆண்டில் மனிதப் பற்களைப் பற்றிய அவரது நூல் வெளிவந்தது. பற்களை நான்கு வகையாகப் பிரித்து, அவை முளைக்கும் முறையையும் தாடை வளரும் முறையையும் அந்நூலில் விளக்கினார்.

ஒருமுறை அவர் விந்தையான சோதனை ஒன்றைச் செய்தார். மனிதரிடமிருந்து எடுத்த நல்ல பல் ஒன்றைச் சேவலின் கொண்டையில் கீறி நட்டு, நூலால் கட்டினார். சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, பல் கொண்டையோடு ஒட்டியிருந்ததைக் கண்டார். பலமுறை முயன்றும் ஒரே ஒரு முறைதான் வெற்றி கிட்டியது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார். எனினும், ஓர் உடலின் பல் மற்றோர் உடலில் உயிரோடு பொருந்தும் என்றே அவர் நம்பினார். அந்தச் சேவற்கொண்டை லண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

இந்த நம்பிக்கை பலருக்குத் தீங்காய் முடிந்தது. இனிப்பு மிகுதியால் பற்களை இழந்த செல்வர்கள் புதிய பற்களை விரும்பினர். இளையோரின் பற்களே ஏற்றவை என்று ஹன்டர் எழுதினார். பல் தருவோர் பலரை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும். ஒருவரின் பல் பொருந்தாவிட்டால் அடுத்தவரின் பல்லை எடுக்கலாம் என்றும் அறிவுரை கூறினார். ஏழைச் சிறுவர்களும் சிறுமிகளும் சில காசுகளுக்காகத் தங்கள் நல்ல பற்களை விற்றனர். நிலைப்பல் ஒருமுறை போனால் மீண்டும் முளைக்காது. செல்வரின் ஒருநாள் புன்னகைக்காக ஏழைப் பிள்ளை வாழ்நாள் முழுதும் பல்லிழந்து நின்றது. 1787ஆம் ஆண்டில் தாமஸ் ரோலண்ட்சன் எனும் ஓவியர் இந்தக் கொடுமையைக் கேலிச்சித்திரமாக வரைந்து காட்டினார்.

அவ்வாறு வாங்கிய பற்களும் நிலைக்கவில்லை. பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் விழுந்துவிட்டன. சிலருக்குப் பல்லோடு நோயும் தொற்றியதாக மருத்துவர்கள் எழுதினர். ஹன்டர் அதனை ஏற்கவில்லை. பிறருடைய பல்லை நம் உடல் அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்கும் என்பது அக்காலத்தில் எவருக்கும் தெரியாது. நாளடைவில் அம்முறை கைவிடப்பட்டது.

ஹன்டர் மற்றொரு வழியையும் கூறியிருந்தார். வலிக்கும் பல்லைப் பிடுங்கி, வெந்நீரில் கொதிக்க வைத்துத் தூய்மைப்படுத்தி, அதே நபரின் பற்குழியில் மீண்டும் பொருத்தலாம் என்றார். ஒருவருக்கு அவருடைய சொந்தப் பல்லையே பயன்படுத்துவது நல்ல வழிதான். ஆனால், கொதிக்க வைத்ததுதான் தவறு. பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய படலம் ஒன்று உண்டு. அதிலுள்ள உயிரணுக்களே பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கின்றன. கொதிநீர் அவற்றைக் கொன்றுவிடும்.

ஹன்டர் 1776ஆம் ஆண்டில் இங்கிலாந்து மன்னரின் அறுவை மருத்துவரானார். அம்மை நோய்க்குத் தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் இவருடைய மாணவரே. 1793ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், மருத்துவமனைக் கூட்டமொன்றில் எழுந்த வாக்குவாதத்தின்போது ஹன்டர் மாரடைப்பால் உயிர் துறந்தார். அவர் சேர்த்து வைத்த ஏறத்தாழ 14,000 உடற்கூற்று மாதிரிகளை அரசாங்கம் விலைக்கு வாங்கி, அறுவை மருத்துவர் சங்கத்திடம் ஒப்படைத்தது.

அவர் தொடங்கிய தேடலுக்கு இருபதாம் நூற்றாண்டில் தெளிவான விடை கிடைத்தது. இன்று, கெட்டுப்போன கடைவாய்ப்பல்லை அகற்றிவிட்டு, அதே நபரின் ஞானப்பல்லை அவ்விடத்தில் நடுகிறார்கள். பற்குழியை முன்கூட்டியே ஆயத்தம் செய்து, வேரின் படலம் காயாமலும் கிழியாமலும் பல்லை விரைந்து மாற்றுகிறார்கள். பிறகு, அதனை நூலாலோ மெல்லிய கம்பியாலோ சில நாள்களுக்கு அசையாமல் பிணைத்து வைக்கிறார்கள். வேர் முழுமையாக வளராத பல்லே மிக நன்றாகப் பிழைக்கும். ஆகவே, இச்சிகிச்சை இளையோருக்கு மிகவும் ஏற்றது. ஏழைப் பிள்ளை எதுவும் இதற்காகப் பல்லை இழக்க வேண்டியதில்லை.

இந்த அறிவு ஈப்போவிலுள்ள ஒரு பள்ளித் திடலிலும் பயன்படும். விளையாடும்போது ஒரு மாணவரின் நிலைப்பல் வேரோடு விழுந்துவிட்டால் பதற்றமடையக் கூடாது. பல்லின் வெண்மையான மேற்பகுதியைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். வேரைத் தேய்க்கக் கூடாது. மண் ஒட்டியிருந்தால் சில நொடிகள் மட்டும் அலசி, பல்லை அதன் குழியிலேயே பொருத்தலாம். இயலாவிட்டால் குளிர்ந்த பாலில் இட்டு, உடனே பல் மருத்துவரிடம் செல்ல வேண்டும். காலம் தாழ்த்தினால் வேரின் உயிரணுக்கள் மடிந்துவிடும். பால்பல்லை மட்டும் மீண்டும் பொருத்தக் கூடாது.

ஜான் ஹன்டர் எதையும் தாமே சோதித்துப் பார்க்கத் துணிந்தவர். அத்துணிவு மருத்துவ உலகிற்குப் பல உண்மைகளைத் தந்தது. ஆனால், ஏழைப் பிள்ளைகளின் இழப்பை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. அவருடைய அறிவுத்தாகத்தைப் போற்றும் நாம், அவர் காணத் தவறிய அந்தப் பிள்ளைகளின் முகங்களையும் மறவாதிருப்போம்.