கண்ணாடிப் பெட்டி கண்ட வார்டு வைத்தியர்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த திருப்பனந்தாளில் பூஞ்செடி வளர்ப்பது அருஞ்செயலன்று. கிணற்றங்கரையில் ஒரு கொம்பை ஒடித்து நட்டால் நந்தியாவட்டை தானே தழைக்கும். வேலியோரத்துச் செம்பருத்தி கேட்பாரின்றிப் பூக்கும். ஆற்று வண்டலும் வெயிலும் ஈரக்காற்றும் செவிலித்தாயர் மூவரைப்போல் அவற்றைப் பேணுகின்றன. அச்செடியையே ஒரு தொட்டியில் வைத்து அறைக்குள்ளே கொணர்ந்தால், அச்செவிலியர் வாயிலிலேயே நின்றுவிடுவர். அவர்தம் பணியை மனிதன் தானே செய்தல் வேண்டும். அஃது எங்ஙனம் என்று ஆராய்ந்து கண்டவர் இலண்டன் மாநகரத்து வைத்தியராகிய நத்தானியேல் பாக்ஷா வார்டு என்பவர். அவர் கண்ட உண்மை ஒரு சாளரத்தின் அருகே தொடங்கி, தஞ்சை நாட்டுக் குடும்பங்கள் பலவற்றின் வாழ்வையும் தொட்டதாதலின், அவர் வரலாற்றை நாம் அறிதல் தகும்.

வார்டு 1791-ம் ஆண்டில் இலண்டனிற் பிறந்தார். தந்தையாரும் வைத்தியரே. 13-ம் பிராயத்திற் கப்பலேறி ஜமெய்க்காத் தீவுக்குச் சென்றபோது, அவ்வெப்ப நாட்டின் பனைகளையும் பெரணிகளையும் கண்டு சிறுவர் உள்ளம் பறிகொடுத்தார். ஊர் திரும்பி வைத்தியங் கற்று, தேம்ஸ் நதியின் கப்பற்றுறைகளை அடுத்த வெல்க்ளோஸ் சதுக்கத்தில் தொழில் நடத்தினார். ஏழை மக்கள் நெருங்கி வாழ்ந்த இடம் அது. நோயாளிகளைப் பார்த்து எஞ்சிய பொழுதையெல்லாம் அவர் செடிகளுக்கே அளித்தார். தம் வீட்டின் பின்புறத்திற் கற்களை அடுக்கி, அவற்றின்மீது நீர் கசிந்தொழுகச் செய்து, பெரணிகளை நட்டுப் பேணினார். ஆயினும் எந்நேரமும் நகரத்தைக் கவிந்திருந்த நிலக்கரிப் புகை அவற்றை விட்டுவைக்கவில்லை. நட்டவை யாவும் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின.

1829-ம் ஆண்டுக் கோடையில், அந்துப்பூச்சி ஒன்றின் கூட்டுப்புழு பூச்சியாய் வெளிப்படுவதைக் காண விரும்பி, ஈரமண் இட்ட கண்ணாடிக் குப்பி ஒன்றில் அதனைப் புதைத்து மூடி வைத்தார். நாள்தோறும் உற்றுநோக்கி வருகையில், பகலில் மண்ணின் ஈரம் ஆவியாய் எழுந்து கண்ணாடியிற் படிந்து, மீண்டும் துளியாகி மண்ணையே சேர்வதைக் கண்டார். பூச்சி வெளிவருமுன் அம்மண்ணில் ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்தன. தோட்டத்தில் எத்துணை உழைத்தும் வளராத பெரணி, மறந்து கிடந்த குப்பியில் ஒருவர் உதவியுமின்றி வளர்ந்தது! வார்டு அக்குப்பியைச் சாளரத்தின் புறத்தே வைத்தார். ஒருதுளி நீரும் வாராமலே ஏறக்குறைய 4 ஆண்டுகள் அச்செடிகள் உயிர்வாழ்ந்தன. அவர் வெளியூர் சென்றிருந்தபோது மூடி துருப்பிடித்து, மழைநீர் உட்புகுந்தமையாற் பின்னர் அவை மடிந்தன.

இதனால் அவர் தெளிந்தன சில. செடியைக் கொல்வது வீடன்று, புகையும் வறட்சியுமே. வெளிச்சம் தடையின்றி வருதல் வேண்டும். ஈரம் குன்றாதிருத்தல் வேண்டும். ஆயின் வேர் நீரில் ஊறி நிற்றல் ஆகாது. ஒவ்வொரு செடிக்கும் அதன் தாய்நாட்டின் இயல்பை அறிந்து இடம் அமைத்தல் வேண்டும். நிழலில் வாழும் பெரணிக்கு ஏற்ற மூடிய பெட்டி, பூஞ்செடிக்கு அவ்வளவாக ஏலாது. பூப்பதற்கு மிக்க ஒளி வேண்டும்; காற்று உலாவாவிடின் இதழ்கள் அழுகும். இக்காலத்தில் ஆர்க்கிட், அந்தூரியம் முதலியவற்றை அறையில் வைத்து வளர்ப்போருக்கும் இவ்விதிகளே பொருந்தும். அன்பு மிகுதியால் நாடோறும் நீர் வார்த்து வேரை அழுகச் செய்தல், வீட்டுச் செடிகளுக்குப் பெருங்கேடாகும்.

1833-ம் ஆண்டில், பெரணியும் பாசியும் புல்லும் நிறைந்த இரண்டு கண்ணாடிப் பெட்டிகளைச் சிட்னி நகருக்குக் கப்பலில் அனுப்பினார். அவை பசுமை மாறாமற் போய்ச் சேர்ந்தன. மீண்டு வருகையில் ஆஸ்திரேலியச் செடிகளை அவற்றிலிட்டு அனுப்பினர். கடுங்குளிரையும் கடுவெயிலையும் கடந்து, 1834-ம் ஆண்டில் அவையும் உயிருடன் இலண்டனை அடைந்தன. அதுகாறும் கடல்வழி வந்த செடிகளிற் பெரும்பாலன உப்புக்காற்றால் மாய்ந்தன. இப்பெட்டி வந்தபின் பெரும்பாலன பிழைத்தன.

வார்டு 1842-ம் ஆண்டில் தம் ஆராய்ச்சியை நூலாக வெளியிட்டார். அந்நூலில், புகை சூழ்ந்த அறைகளில் வாடும் ஏழைகளுக்கு இப்பெட்டி எவ்வாறு ஆறுதலாகும் என்பதைத் தனியே எடுத்து விளக்கினார். இங்கிலாந்திற் கண்ணாடிமீது விதித்திருந்த தீர்வை 1845-ல் நீங்கியது. அதன்பின் செல்வர்தம் கூடங்களை அப்பெட்டிகள் அழகுசெய்தன. ஏழையின் சாளரத்தைக் கருதியவர் கருத்து அத்துணை விரைவில் நிறைவேறவில்லை.

அவர் கருதாத செயல்களோ பல நிகழ்ந்தன. 1848 முதல் 1851 வரை ராபர்ட் பார்ச்சூன் என்பவர் சீனத்துத் தேயிலைக் கன்றுகளை இப்பெட்டிகளில் இமயமலைச் சாரலுக்குக் கொணர்ந்தார். 1860-ம் ஆண்டையொட்டி, மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரத்தைத் தென்னமெரிக்காவினின்று நீலகிரிக்குக் கொணரும் முயற்சியிலும் இவை பயன்பட்டன. 1876-ம் ஆண்டில், கியூ தோட்டத்தில் முளைத்த இரப்பர் நாற்றுகள் சுமார் 1,900, இத்தகைய பெட்டிகள் 38-ல் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூரை அடைந்தன. பின்னர் மலாய் நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. அவற்றிற்குத் தொழிலாளர் வேண்டியபோது, கங்காணிமார் சொற்கேட்டு, தஞ்சை மாவட்டத்து உழவுக் கூலிகளும் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கு சென்றனர். மரக்கன்றுகளுக்குக் கண்ணாடிக் காப்பிருந்தது. அவற்றின் பின்னே சென்ற மாந்தருக்கு அத்தகைய காப்பு யாதும் இருந்ததில்லை. காய்ச்சலாலும் கடும் உழைப்பாலும் அங்கே மாய்ந்தவர் பலர்.

வார்டு தம் பெட்டியாற் பெருஞ்செல்வம் ஈட்டினாரல்லர். அரச சங்கத்தார் 1852-ல் அவரை அங்கத்தினராக்கிக் கௌரவித்தனர். 1868-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் அவர் காலமானார். இரப்பர் நாற்றுகள் கடல் கடந்ததை அவர் கண்டிலர்.

வேதாகமத்திற் கூறப்பட்ட கடுகுவிதை மரமாகிப் பறவைகளுக்குப் புகலிடமாயிற்று. வார்டின் குப்பியில் முளைத்த சிறு பெரணியிலிருந்து நிழலும் பிறந்தது, துயரும் பிறந்தது. நோயுற்றோருக்குக் கொயினா கிடைத்ததும், ஊர்விட்டுப் போனோர் ஊர் திரும்பாததும் அதன் வழிவந்தவையே. அவர் செய்தது நற்செயல் என்பதில் ஐயமில்லை. அதனைக் கைக்கொண்டோர் செடிக்குக் காட்டிய பரிவைத் தொழிலாளிக்கும் காட்டியிருப்பின், அந்நன்மை நிறைவெய்தியிருக்கும். கல்வியறிவு பெற்று, நாளை புதியன காணவும் கண்டவற்றைப் பயன்படுத்தவும் போகும் மாணவராகிய நாம், வார்டின் வாழ்க்கையினின்று இதனை மறவாது கொள்வோமாக.