நீர் தேடியவர்
தென்னார்க்காடு மாவட்ட நிலக்கிழார் ஜம்புலிங்க முதலியார், 1930களின் நடுவில் நெய்வேலியிலுள்ள தம் நிலத்தில் பாசனத்திற்காக ஆழ்துளைக் கிணறு அமைக்க முற்பட்டார். நீரோடு கரிய பொருளொன்றும் மேலே வந்தது. வேறொருவராயின் சேறென்று ஒதுக்கியிருக்கக்கூடும். அவரோ அதனை அரசுக்குத் தெரிவித்தார்.

அது பழுப்பு நிலக்கரி. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கு நின்ற காடு கதிரவனிடம் பெற்ற ஆற்றல். தாவரம் சேர்க்கும் ஆற்றல், விலங்குகளின் வழியாகவும் சிதைப்பான்களின் வழியாகவும் சென்று வெப்பமாக வெளியேறிவிடுவதே இயல்பு. சதுப்பு நீரில் காற்றின்றி அமிழ்ந்த மரங்களோ முழுதும் சிதையவில்லை, எஞ்சியவை கரியாயின.

சுரங்கத்திற்கென முதலியார் 620 ஏக்கர் நிலத்தைக் கொடையளித்தார். 1957இல் பிரதமர் நேரு பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரிப்படுகை வெளிப்பட்டது. முதலியார் நாடிய நீரும் அதற்கடியிலேயே பேரழுத்தத்துடன் நிறைந்திருந்தது. அதனை இரவும் பகலும் இறைத்தே கரி எடுக்கின்றனர்.