ஒடுக்கு விழாத கார்



ஹென்றி ஃபோர்டு என்றால் நமக்கு மாடல் டி, அசெம்பிளி லைன், அவ்வளவுதான். பரீட்சையில் அஞ்சு மார்க்குக்கு எழுதிவிட்டு மறந்துவிடுவோம். ஆனால் அந்த மனுஷர் தன் வாழ்க்கையில் இரண்டு தடவை கோடாரி எடுத்து வீசியிருக்கிறார். முதல் தடவை 32 வயதில், ஒரு காரை வெளியே கொண்டுவர. இரண்டாம் தடவை 77 வயதில், ஒரு காரையே அடித்துப் பார்க்க. இந்த இரண்டு வீச்சுக்கும் நடுவே அவர் என்ன செய்தார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா டிங்கர். கார் கதவில் விழுந்த ஒடுக்கைத் தட்டி எடுப்பதுதான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிற வழி. அதனால்தான் எனக்கு அந்த இரண்டாவது கோடாரி மேல் அவ்வளவு ஆர்வம்.

ஃபோர்டு 1863 ஜூலை 30 அன்று அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர். 12 வயதில் அம்மாவை இழந்தார். அதே 1876-ஆம் வருஷம், குதிரை இல்லாமல் தானாகவே ரோட்டில் நகர்ந்து வந்த ஒரு நீராவி எஞ்சினைப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் கடைசிவரை விடவில்லை. கிராமத்துப் பள்ளிக்கூடப் படிப்போடு சரி. 16 வயதில் டெட்ராய்ட் நகரத்துக்குப் போய் மெஷின் ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேர்ந்தார். கிடைத்த சம்பளம் போதாமல் ராத்திரியில் கடிகாரம் ரிப்பேர் பார்த்தார்.

1891-இல் எடிசன் இல்லூமினேட்டிங் கம்பெனியில் எஞ்சினியர் வேலை கிடைத்தது. அதாவது ஊருக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பெனி. வேலை முடிந்து வந்தால், வாடகை வீட்டுக்குப் பின்னால் இருந்த செங்கல் கொட்டகைதான் அவருக்கு வொர்க்‌ஷாப். 1896 ஜூன் 4, விடியற்காலை. நாலு சைக்கிள் சக்கரம் பூட்டிய முதல் வண்டி தயார். தள்ளிக்கொண்டு வந்தால் கொட்டகை வாசல் பத்தவில்லை! வண்டி வாசலை விட அகலம். அவர் யோசிக்கவே இல்லை. கோடாரியை எடுத்துச் செங்கல் சுவரை உடைத்து வண்டியை வெளியே விட்டார். இது முதல் வீச்சு.

அதற்கப்புறம் எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. 1899-இல் சேர்ந்து தொடங்கிய கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவது கம்பெனியிலிருந்து 1902-இல் அவரே விலகினார். மூன்றாவதுதான் 1903-இல் பிறந்த ஃபோர்டு மோட்டார் கம்பெனி. 1908-இல் மாடல் டி வந்தது. 1913-இல் ஹைலண்ட் பார்க் ஆலையில் நகரும் அசெம்பிளி லைன். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேஸிஸ் கோர்க்கும் வேலை 93 நிமிஷத்துக்கு இறங்கியது. 1914-இல் எட்டு மணி நேர வேலைக்கு ஐந்து டாலர் நாள் கூலி அறிவித்தார். அதுவரை கிடைத்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. 1916-இல் ஏழைப் பையன்களுக்காக ஒரு தொழிற்பள்ளி திறந்தார். அங்கே படிக்கும்போதே உதவித்தொகையும் உண்டு. நம்மைப் போன்றவர்களுக்கு இதெல்லாம் சாதாரண விஷயம் இல்லை.

இப்போது நம்ம தொழிலுக்கு வருவோம். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பு நிறத்தில் மட்டுமே வந்தது. அந்தக் கறுப்புப் பூச்சு மலிவு, சீக்கிரம் தேயாது. 1920-களில் மூடிய கார்கள் பெருகின. கதவு, கூரை என்று எஃகுத் தகடு கூடிக்கொண்டே போனது. தகடு கூடினால் ஒடுக்கும் கூடும்தானே? டெட்ராய்ட் கார் ஆலைகளில் பெயிண்டுக்குப் போகும் முன் தகட்டில் இருக்கிற சின்னச் சின்ன ஒடுக்குகளைத் தட்டிச் சரிசெய்வதற்கென்றே ஆட்கள் இருந்தார்கள். உள்ளங்கையால் தடவிப் பார்த்தே மேடு பள்ளம் சொல்லிவிடுவார்கள். எங்கப்பாவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத பள்ளம் அவர் கைக்குத் தெரியும்.

ஏன் ஒடுக்கு விழுகிறது? ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் படித்த அதே வளைகோடுதான். லேசாக அழுத்தினால் எஃகுத் தகடு பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். ஈல்டு பாயிண்ட் தாண்டிவிட்டால் திரும்பாது, அப்படியே நின்றுவிடும். இதை ஜெயிக்கத்தான் ஃபோர்டு வயசான காலத்தில் ஆசைப்பட்டார். விவசாயி மகன் இல்லையா, வயலில் விளைவதை வைத்தே காருக்கு உடம்பு செய்யலாம் என்று நினைத்தார். சோயா மொச்சையை வைத்து அவருடைய ஆட்கள் பிளாஸ்டிக் தகடு செய்து பார்த்தார்கள். 1940-இல் தன் காரின் டிக்கி மூடியாக அப்படி ஒரு தகட்டை மாட்டி, பத்திரிகைக்காரர்கள் முன்னால் கோடாரியை ஓங்கி அடித்தார். ஒடுக்கு விழவில்லை. இது இரண்டாவது வீச்சு. 1941 ஆகஸ்டில், எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் பிளாஸ்டிக் தகடுகள் பூட்டிய முழுக் காரையே டியர்பார்னில் காட்டினார். எஃகுக் காரைவிட ஏறக்குறைய 1000 பவுண்டு எடை குறைவு. ஆனால் யுத்தம் வந்தது. 1942-இல் அமெரிக்காவில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. அந்தக் காரும் அதோடு போயிற்று.

நண்பர்களே, இத்தோடு நிறுத்தினால் கட்டுரை பளபளவென்று இருக்கும். ஆனால் அது பட்டி வைத்துத் தேய்த்துப் பெயிண்ட் அடித்த மாதிரி. உள்ளே இருக்கிற ஒடுக்கு அப்படியே இருக்கும். அதனால் மீதியையும் சொல்கிறேன்.

ஐந்து டாலர் கூலி கொடுத்த அதே மனுஷருக்குத் தொழிற்சங்கம் என்றாலே ஆகாது. 1937 மே 26 அன்று ரூஜ் ஆலை மேம்பாலத்தில் நோட்டீஸ் கொடுக்க வந்த சங்கத்துக்காரர்களைக் கம்பெனி ஆட்கள் ரத்தம் வர அடித்தார்கள். பெரிய வேலைநிறுத்தத்துக்கு அப்புறம், 1941-இல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். அதற்கும் முன்னால், 1920 முதல் அவருடைய சொந்தப் பத்திரிகை யூதர்களைப் பற்றி விஷம் கக்கியது. வழக்கு வந்த பிறகு 1927-இல் மன்னிப்புக் கேட்டார். ஆனால் 1938-இல் ஹிட்லரின் ஜெர்மனி கொடுத்த பதக்கத்தை வாங்கிக்கொண்டார். காரை லட்சக்கணக்கான வீட்டுக்குக் கொண்டுபோனவர் இவர்தான். இதையெல்லாம் செய்தவரும் இவர்தான். ஒன்றைச் சொல்லி இன்னொன்றை மறைத்தால் அது வரலாறு ஆகாது. மாணவர் சங்க மலரில் எழுதுகிற நான் அதை மறைக்கவும் கூடாது.

1943-இல் ஒரே மகன் எட்செல் இறந்துபோனார். 1947 ஏப்ரல் 7 அன்று ராத்திரி ஃபோர்டும் கண்ணை மூடினார். வயது 83. ஆற்று வெள்ளத்தால் வீட்டில் கரண்ட் இல்லை. ஊருக்குக் கரண்ட் கொடுக்கிற கம்பெனியில் எஞ்சினியராக இருந்தவர், பிறந்தபோது இருந்த மாதிரியே விளக்கு வெளிச்சத்தில் போய்ச் சேர்ந்தார்.

அவர் பெயர் தாங்கிய கம்பெனி பிற்பாடு நம்ம ஊருக்கும் வந்தது. சென்னைக்குப் பக்கத்தில் மறைமலைநகர் ஆலையிலிருந்து 1999-இல் ஐகான் கார் வெளிவந்தது. 2022-இல் அங்கே கார் உற்பத்தி நின்றது.

ஒடுக்கு விழாத கார் வந்ததா? பாதி வந்தது. இன்றைக்குப் பம்பர் எல்லாம் பிளாஸ்டிக்தான். ஆனால் பெரும்பாலான கார்களில் கதவு இன்னும் உலோகத் தகடுதான். பார்க்கிங்கில் பக்கத்து வண்டிக் கதவு இடித்தால் ஒடுக்கு நிச்சயம். மாறியது ஒடுக்கு எடுக்கிற முறை. முன்பு சுத்தியலால் தட்டி, பட்டி பார்த்து, பிரைமர், பெயிண்ட் என்று போக வேண்டும். இப்போது பெயிண்டைத் தொடாமலே எடுக்கிறார்கள். கதவுக்கு உள்பக்கமாக நீளமான எஃகுக் கம்பியை விட்டு, பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளுவார்கள். வெளியே ஒரு டியூப்லைட்டை வைத்து, தகட்டில் அதன் நிழல் வளைகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் கோடு நேராகிவிட்டால் ஒடுக்கு போச்சு. ஒரே தள்ளாகத் தள்ளினால் எதிர்ப்பக்கம் மேடு கிளம்பிவிடும். பெயிண்ட் வெடித்திருந்தாலோ, தகடு கூர்மையாக மடங்கி இழுபட்டிருந்தாலோ இந்த முறை நடக்காது. பழைய டிங்கரிங்தான் கதி.

இந்த முறையை அப்பாவுக்கு நான்தான் வாசித்துச் சொன்னேன். அவருக்குப் படிக்கத் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, மறுநாள் பழைய கதவு ஒன்றை எடுத்துப் போட்டு, ஒரு கம்பியின் முனையை ராவி உருண்டையாக்கித் தள்ளிப் பார்த்தார். முதல் நாளே பள்ளத்தில் பாதி மேலே வந்துவிட்டது. டியூப்லைட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். ஈல்டு பாயிண்ட் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் கையில் புரிந்தது.

ஃபோர்டு தன் கோடாரியால், ஒடுக்கே விழாத ஒரு காலம் வரும் என்று காட்டப் பார்த்தார். அந்தக் காலம் வரும்வரை எங்கப்பா மாதிரி கைகளுக்கு வேலை இருக்கிறது. அந்தக் கைகளுக்குக் கணக்கும் காரணமும் சேர்த்துக் கொடுக்கத்தான் நாம் டிப்ளமா படிக்கிறோம். படித்து முடித்த பிறகும் அந்தக் கைகளை மறக்காமல் இருப்போம்.

வாழ்க உழைப்பு!

– இரண்டாம் ஆண்டு ஆட்டோமொபைல் மாணவன்