முள் குத்திப் பார்த்த மெச்னிகோவ்

நண்பர்களே, ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கலாம். ஒரே கடை. ஒரே தட்டில் இரண்டு பேர் பானிபூரி சாப்பிடுகிறார்கள். ஒருத்தனுக்கு ராத்திரி முழுக்க வயிற்றுப்போக்கு. இன்னொருத்தன் மறுநாள் காலையில் பிரேயருக்கு முதல் ஆளாக வந்து நிற்கிறான். இருவர் வயிற்றுக்குள் போனதும் ஒரே கிருமிதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

இந்தக் கேள்வி குடைந்துகொண்டே இருந்ததால் காலரா கிருமியையே எடுத்துக் குடித்துப் பார்த்தார் ஒரு மனிதர். அவர் பெயர் இலியா மெச்னிகோவ். வெள்ளையணுக்கள் கிருமிகளை விழுங்கி அழிக்கும் என்று நாம் பாடப் புத்தகத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோம் இல்லையா? அந்த ஒரு வரிக்காக அவர் 25 வருடம் போராடினார்.

கடைக்குட்டி

மெச்னிகோவ் பிறந்தது 1845-ஆம் ஆண்டு மே மாதம். ஊர், உக்ரைனில் கார்கோவ் நகரத்துப் பக்கம் ஒரு கிராமம். அந்தக் காலத்தில் அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. வீட்டில் ஐந்து பிள்ளைகள், இவர் கடைசி. படிப்பில் படு சுட்டி. கார்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடப் படிப்பை இரண்டே வருடத்தில் முடித்தார்.

இவர் டாக்டர் இல்லை, விலங்கியல்காரர். 1865-ல் ஜெர்மனியில் ஒரு தட்டைப்புழுவை மைக்ராஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் குடல் செல்கள் உணவுத் துணுக்குகளை அப்படியே உள்ளே இழுத்து, செல்லுக்குள்ளேயே செரித்தன. ஒரு செல்லால் சாப்பிட முடியும் என்ற விஷயம் அன்றைக்கே அவர் மனதில் பதிந்துவிட்டது. 1870-ல், 25 வயதிலேயே ஒடெசா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார்.

வீட்டுக்குள் வந்த நோய்

வேலையில் உயர்ந்தாலும் வீட்டில் துயரம் விடவில்லை. முதல் மனைவி லுட்மிலாவுக்குக் காசநோய். கல்யாணத்தன்றே அவரை நாற்காலியில் வைத்துத்தான் தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். நான்கு வருடம் வைத்தியம் பார்த்தும் 1873-ல் இறந்துபோனார். பிறகு 1875-ல் ஓல்காவை மணந்தார். 1880-ல் ஓல்காவுக்கு டைபாய்டு வந்துவிட்டது. சாப்பாடு, தண்ணீர் வழியாகத் தொற்றும் நோய் அது. அந்தக் காலத்தில் மருந்தே கிடையாது. உடம்பு தானே போராடி ஜெயித்தால்தான் உண்டு. ஓல்கா பிழைத்துக்கொண்டார். ஆனால் மெச்னிகோவின் மனது உடைந்துபோயிருந்தது. அதோடு பல்கலைக்கழகத்தில் அரசியல் தொல்லைகளும் சேர, 1882-ல் வேலையை விட்டுவிட்டு இத்தாலியில் சிசிலித் தீவின் மெசினா நகரத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்.

அந்த ஒரு ராத்திரி

1882 டிசம்பர். வீட்டில் எல்லோரும் குரங்கு வித்தை பார்க்க சர்க்கஸுக்குப் போய்விட்டார்கள். மெச்னிகோவ் மட்டும் மைக்ராஸ்கோப்போடு உட்கார்ந்திருந்தார். எதிரில் நட்சத்திர மீனின் குட்டிப் புழு. கண்ணாடி மாதிரி உடம்பு, உள்ளே நடப்பதெல்லாம் வெளியே தெரியும். அதற்குள் சில செல்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. உடம்புக்குள் வேண்டாதது நுழைந்தால் அதை எதிர்ப்பது இந்தச் செல்கள்தானோ என்று சட்டென்று ஒரு யோசனை.

உடனே தோட்டத்துக்குப் போனார். ரோஜா முள் கொண்டுவந்து அந்தப் புழுவின் உடம்பில் மெல்லக் குத்தி வைத்தார். ராத்திரி தூக்கமே வரவில்லை. விடிந்தும் விடியாமல் போய்ப் பார்த்தால், முள்ளைச் சுற்றி அந்தச் செல்கள் மொய்த்துக்கொண்டிருந்தன! நம் விரலில் சிலாம்பு ஏறினால் சீழ் வைக்கிறதே, அதுவும் இந்தக் கூட்டம்தான். 1883-ல் இவற்றுக்கு ஃபேகோசைட் என்று பெயர் வந்தது. கிரேக்க மொழியில் சாப்பிடும் செல் என்று பொருள். நாம் விழுங்கு செல் என்கிறோம்.

சாப்பாட்டோடு வந்த எதிரி

முள் சரி, உண்மையான நோய்க்கிருமி வந்தால்? 1884-ல் டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளை எடுத்துக்கொண்டார். குளத்தில் வாழும் சின்ன உயிர், இதுவும் கண்ணாடி உடம்புதான். ஒரு வகைப் பூஞ்சையின் ஊசி போன்ற வித்துகளை அது இரையோடு சேர்த்து விழுங்கிவிடும். அந்த வித்துகள் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு உடம்புக்குள் வரும். உடனே விழுங்கு செல்கள் சூழ்ந்துகொள்ளும். செல்கள் வித்துகளைத் தின்று முடித்தால் நீர்த்தெள் பிழைக்கும். வித்துகள் முந்திக்கொண்டு முளைத்துப் பெருகினால் நீர்த்தெள் சாகும். உணவு வழியாக வரும் நோயோடு உடம்பு போடும் சண்டையை ஆரம்பம் முதல் முடிவு வரை நேரில் பார்த்துவிட்டார் மெச்னிகோவ்.

பாரிஸ் சண்டை

1888-ல் பாரிஸில் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தில் லூயி பாஸ்டரே இவருக்கு ஆய்வுக்கூடம் கொடுத்தார். கடைசி வரை அங்கேதான் இருந்தார். ஆனால் ஜெர்மனி விஞ்ஞானிகள் இவரை விடவில்லை. கிருமியைக் கொல்வது செல்கள் இல்லை, இரத்தத்தின் நீர்ப்பகுதியான சீரம்தான் என்றார்கள். 1890-ல் பெரிங், கிட்டசாட்டோ இருவரும் சீரத்தில் நச்சுமுறிவுப் பொருள் இருப்பதையும் காட்டிவிட்டார்கள். ஆன்டிபாடி என்று இன்று நாம் படிக்கும் எதிர்ப்பொருள் அதுதான். மெச்னிகோவ் மசியவில்லை. வேடிக்கை என்னவென்றால், 1895-ல் இவர் ஆய்வுக்கூடத்திலேயே வேலை பார்த்த போர்டே என்ற இளைஞர் சீரம் எப்படிக் கிருமியைக் கரைக்கிறது என்று கண்டுபிடித்தார். அது எதிர்க்கட்சிக்குச் சாதகமான முடிவு!

கோப்பையில் காலரா

1892-ல் பிரான்ஸில் காலரா பரவியது. சில ஊர்களில் நோய் கொன்று குவித்தது, சில ஊர்களைத் தொடவே இல்லை. ஏன் என்று பார்க்க மெச்னிகோவ் காலரா கிருமியைத் தானே குடித்தார். ஒன்றும் ஆகவில்லை. ஒரு தொண்டர் குடித்தார். அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் குடித்தார். அவர் சாவின் வாசல் வரை போய்த்தான் திரும்பினார்.

இந்த இடத்தில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். தன் உயிரைப் பணயம் வைத்தது துணிச்சல் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தவர் கையில் அந்தக் கோப்பையைக் கொடுத்தது? அது தவறு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. இன்றைக்கு இப்படி ஒரு சோதனை செய்ய எந்த மருத்துவ நெறிக்குழுவும் விடாது. அதே 1892-ல் இவருடைய மாணவர் ஹாஃப்கின் வேறு வழியில் போனார். காலரா தடுப்பூசி செய்து முதலில் தனக்கே போட்டுக்கொண்டார். பாதுகாப்பு என்று தெரிந்த பிறகே, 1893-ல் கல்கத்தா வந்து நம் நாட்டு மக்களுக்குப் போட்டார்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

இப்போது நமக்குத் தெரிந்ததை வைத்து அந்தக் கோப்பைக்குப் பதில் சொல்லலாம். கெட்ட உணவோடு கிருமி உள்ளே போனால் முதல் காவல் இரைப்பை அமிலம். பெரும்பாலான கிருமிகள் அங்கேயே காலி. அமிலம் குறைந்தவருக்கு ஆபத்து அதிகம். அடுத்தது குடலின் வழவழப்பான சளிப்படலம். மூன்றாவது, குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்கள். புதிதாக வரும் கிருமிக்கு அவை இடமும் கொடுக்காது, இரையும் கொடுக்காது. காலராவைச் சில நுண்ணுயிர்கள் வளர்க்கும், சில தடுக்கும் என்று மெச்னிகோவே அப்போது கண்டுகொண்டார்.

இதையெல்லாம் தாண்டிக் குடல் சுவருக்குள் நுழையும் சால்மொனெல்லா போன்ற கிருமியை விழுங்கு செல்கள் பிடிக்கும். அவை அனுப்பும் வேதிச் செய்தியால் இரத்தத்திலிருந்து மேலும் வெள்ளையணுக்கள் ஓடிவரும். காய்ச்சலும் வயிற்று வலியும் பெரும்பாலும் இந்தப் போரின் சத்தம்தான். சில நாட்களில் எதிர்ப்பொருள்களும் தயாராகிவிடும். அதே கிருமி அடுத்த முறை வந்தால் உடம்பு சீக்கிரமே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆனால் கிருமியும் லேசுப்பட்டது இல்லை. காலரா கிருமி குடல் சுவருக்குள் நுழையவே நுழையாது. மேலே ஒட்டிக்கொண்டு நஞ்சைச் சுரந்து, உடம்பின் உப்பையும் தண்ணீரையும் வெளியே கொட்ட வைக்கும். அதனால் விழுங்கு செல்களால் அதை நெருங்க முடியாது. சளிப்படலத்துக்கே வந்து அதைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்கள்தான் அங்கே கைகொடுக்கும். டைபாய்டு கிருமி இன்னும் கில்லாடி. விழுங்கு செல்லுக்குள்ளேயே சாகாமல் ஒளிந்துகொண்டு, அதையே வண்டியாக்கிக் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும் சவாரி போகும். ஓல்காவைப் படுக்கையில் தள்ளிய கிருமி, தன் கணவர் பின்னால் கண்டுபிடிக்கப்போகும் செல்லுக்குள்தான் ஒளிந்திருந்தது. அது இருவருக்குமே அப்போது தெரியாது.

யார் ஜெயித்தார்கள்?

இரண்டு பேரும்தான். 1903-ல் லண்டனில் ஆல்ம்ராத் ரைட் என்பவர், சீரத்தில் உள்ள பொருள் கிருமியின் மேல் படிந்தால் விழுங்கு செல்கள் அதை ஆவலோடு தின்கின்றன என்று காட்டினார். அந்தப் பொருளுக்கு ஆப்சோனின் என்று பெயர். தொட்டுக்கொள்ளும் கறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. வெறும் சோறு இறங்காது, குழம்பு ஊற்றினால் இறங்கும் இல்லையா, அது மாதிரி! 1908-ல் நோபல் பரிசையும் செல் கட்சி மெச்னிகோவுக்கும் சீரம் கட்சி பால் எர்லிக்குக்கும் சேர்த்தே கொடுத்தார்கள்.

கடைசிக் காலத்தில் மெச்னிகோவ் தினமும் புளித்த பால் குடித்தார். குடலில் உண்டாகும் அழுகல்தான் முதுமைக்குக் காரணம், பல்கேரியத் தயிர்க் கிருமி அதைத் தடுக்கும் என்று நம்பினார். அந்தக் கிருமி குடலில் நிரந்தரமாகத் தங்காது என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் குடல் பாக்டீரியா நம் ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கிறது என்ற அடிப்படை சரிதான். 1916 ஜூலையில், 71 வயதில் இதய நோயால் காலமானார். அவருடைய அஸ்தி பாஸ்டர் நிறுவன நூலகத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது.

நண்பர்களே, அந்தப் பானிபூரிக்கு வருவோம். தப்பித்தவன் பலசாலி, படுத்தவன் நோஞ்சான் என்று அர்த்தம் இல்லை. எத்தனை கிருமி போனது, அமிலம் எவ்வளவு இருந்தது, குடலில் யார் குடியிருந்தார்கள், முன்பே அந்தக் கிருமியைச் சந்தித்திருந்தோமா, எல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன. அடுத்த தடவை யார் படுப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க, காய்ச்சிய தண்ணீர் குடிங்க. வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடித்துக்கொண்டே டாக்டரிடம் போங்க. வகுப்பில் யாராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் கிண்டல் பண்ணாதீங்க. உள்ளே ஒரு பெரிய படை அவனுக்காகப் போராடிக்கொண்டிருக்கிறது.

– 11-ஆம் வகுப்பு, ஆ பிரிவு