வீரமாமுனிவர்

கீழப்பழுவூரில் இருக்கும் நாம் திருமானூர் வழியாகச் சென்றால், கொள்ளிடத்தின் வடகரைப் பகுதியில் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்தை அடையலாம். தலம் நமக்குப் பழக்கமானதே. அங்கு வாழ்ந்து, அவ்வூரைத் திருக்காவலூர் என்று பாடிய முனிவரைப் பற்றி நம்மில் பலர் அறிந்தது பரமார்த்த குருவின் கதை மட்டுமே!

அவர் 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் கொன்ஸ்தான்சோ ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்தார்.

அக்கால ஐரோப்பாவை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும். அதற்கு முன்பே அங்கு மறுமலர்ச்சி தோன்றி, கற்றோர் கிரேக்க, இலத்தீன் மொழிகளின் பழைய நூல்களைத் தேடிப் படித்தனர். அச்சு இயந்திரமும் வந்தது. 1517இல் மார்ட்டின் லூத்தர் எழுப்பிய கேள்விகளால் திருச்சபை பிளவுண்டது. லூத்தர் வேதாகமத்தை ஜெர்மன் மொழியில் தந்தார். கத்தோலிக்கத் திருச்சபையோ 1545 முதல் 1563 வரை திரெந்து நகரில் சங்கம் கூட்டித் தன்னைச் சீர்படுத்திக்கொண்டது. 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற இயேசு சபை, கல்வியைத் தன் படைக்கலமாகக் கொண்டது. பழைய நூல்கள் மீது காதல், பிரிந்தவர்கள் மீது சினம் என்னும் இரண்டையும் சுமந்தே பெஸ்கி கப்பலேறினார் எனலாம். 1710இல் கோவாவை அடைந்து, பின் தமிழகம் வந்தார்.

சுப்பிரதீபக் கவிராயர் என்ற புலவரிடம் அவர் தமிழ் பயின்றார் என்பர். இலத்தீன் காவியங்களைக் கற்ற அவருக்குத் தமிழ் வெறும் பேச்சு மொழியாகத் தோன்றவில்லை. அதுவும் ஒரு செம்மொழி என்று கண்டுகொண்டார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். புனித சூசையப்பரைத் தலைவராகக் கொண்டு 3,615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். ஐந்திலக்கணமும் கூறும் தொன்னூல் விளக்கம் செய்தார். அதுவரை நிகண்டுகளைச் செய்யுளாக மனப்பாடம் செய்துதான் சொற்பொருள் அறிய வேண்டும். அவரோ சொற்களை அகர வரிசையில் அமைத்து, 1732இல் சதுரகராதி தந்தார். தேர்வுக்குப் படிக்கும் நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்!

இன்னொன்றும் கூற வேண்டும். முன்னாளில் எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இடுவர். ஓலையில் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பதால் பலர் இடாமலே விட்டனர். அது குறிலா நெடிலா என்று படிப்பவர் திகைத்தனர். முனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். நாம் இன்று எழுதும் ஏ, ஓ ஆகியவை அவர் தந்த கொடையே.

இனி, பாராட்டுரைகளில் பெரும்பாலும் விடுபடும் பகுதிக்கு வருவோம். 1706இல் சீகன்பால்கு முதலிய லுத்தரன் குருக்கள் தரங்கம்பாடிக்கு வந்தனர். அச்சகம் அமைத்து, 1715க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டனர். அவர்களை மறுத்து முனிவர் வேதவிளக்கம், பேதகமறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களை எழுதினார். ஐரோப்பாவின் குடும்பச் சண்டை காவிரிக் கரையில் தமிழிலேயே நடந்தது! அவர் அவர்களுடைய கொள்கையை மட்டுமன்றி, அவர்களது தமிழ் நடையையும் பழித்தார். தேம்பாவணி பாடிய கை இவ்வளவு கடுமையாகவும் எழுதியதே என்று நமக்கு வருத்தம் உண்டாகிறது. ஆயினும் சீகன்பால்குவின் பணியும் சிறிதன்று. ஏழைக்கும் எட்டும் எளிய தமிழில் வேதத்தைத் தர அவர் விரும்பினார். முனிவரோ புலவரும் மெச்சும் தமிழை விரும்பினார். இரண்டும் தமிழுக்குத் தேவைப்பட்டன என்றே நாம் எண்ணுகிறோம்.

இதில் ஒரு வியப்பு உண்டு. பேச்சுத் தமிழுக்கு முனிவர் இலத்தீனில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738இல் அச்சிட்டது யார் தெரியுமா? அதே தரங்கம்பாடி லுத்தரன் அச்சகம்தான்! தம்மைத் தாக்கியவரின் நூல் என்று அவர்கள் ஒதுக்கவில்லை. தமிழ் கற்க வரும் குருக்களுக்கு அதைவிடச் சிறந்த நூல் இல்லை என்பதை அறிந்திருந்தார்கள் போலும். ஏறத்தாழ 260 ஆண்டுகள் கழித்து, 1999 அக்டோபர் 31ஆம் நாள், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இரு சபையாரும் மீட்புக் கொள்கை பற்றிய கூட்டறிக்கையில் கையொப்பமிட்டனர். லூத்தர் எழுப்பிய வாதத்தின் மையக் கேள்வி அதுவே.

1968இல் உலகத் தமிழ் மாநாட்டின்போது சென்னைக் கடற்கரையில் முனிவருக்குச் சிலை வைக்கப்பட்டது. தமிழகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவர், இறுதியில் கேரளத்திலுள்ள அம்பலக்காட்டுக்குச் சென்று, 1747 பிப்ரவரி 4ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். அவர் பிறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1679இல், தமிழ்–போர்த்துகீசிய அகராதி ஒன்று அச்சாகி வெளிவந்ததும் அதே ஊரில்தான்.