தூக்கணாங்குருவியின் குடும்பக் கதையைக் கண்டவர்



சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டிலிருந்து விருத்தாசலம் பக்கம் போனாலும், சிதம்பரம் பக்கம் போனாலும், வீராணம் ஏரிக்கரையில் ஏறினாலும் வயலும் வாய்க்காலும் பனைமரமும் கூடவே வரும். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் அந்தப் பனை ஓலைகளின் நுனியில் சுரைக்குடுவைகளைப் போலத் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்குவதைப் பார்க்கலாம். காலையில் நடைப்பயிற்சிக்குப் போகிறவர், சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகிறவர், சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், திருப்பலிக்கு நடந்து வரும் பாட்டிமார் என்று எல்லாரும் அந்தக் கூடுகளுக்குக் கீழேதான் போய் வருகிறோம். கல்கியின் பொன்னியின் செல்வனில் வந்தியத்தேவன் குதிரையில் வந்ததும் இதே ஏரிக்கரை வழியாகத்தான்.

ஆனால் அந்தக் கூட்டுக்குள் நடக்கும் குடும்பக் கதை என்ன என்பது 1930 வரை பறவைகளைப் படித்த பெரியவர்களுக்கே சரியாகத் தெரியாமல் இருந்தது. அதைக் கண்டு சொன்னவர் சாலிம் அலி. இந்தியப் பறவைகள் என்றாலே நினைவுக்கு வரும் அந்தப் பெரிய மனிதர், அப்போது வேலை போய், வாடகை கொடுக்க வழியில்லாமல் நகரத்தை விட்டுக் கிராமத்துக்கு வந்து சேர்ந்த 33 வயதுக்காரர்.

சாலிம் அலி 1896 நவம்பர் 12 அன்று பம்பாயில் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தில் கடைக்குட்டியாகப் பிறந்தார். ஒரு வயதில் தந்தை இறந்தார், மூன்று வயதில் தாயும் இறந்தார். பிள்ளையில்லாத மாமா அமீருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி ஹமீதா பேகமும் அந்தக் குழந்தைகளை வளர்த்தார்கள். மாமா வேட்டைப் பிரியர். அந்தக் கால வசதியான வீடுகளில் அது சாதாரணம். பையனுக்கும் ஒரு காற்றுத் துப்பாக்கி கிடைத்தது. அதைக் கொண்டு சிட்டுக்குருவி சுடுவதுதான் விளையாட்டு.

ஒருநாள் அவன் சுட்டு விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சள் கறை ஒன்று இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவிக்கு அப்படி இருக்காது. இதைத் தின்னலாமா கூடாதா என்ற சந்தேகத்தில் மாமாவிடம் கொண்டுபோனான். மாமாவுக்கும் தெரியவில்லை. அவர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளரான மில்லர்டு என்ற ஆங்கிலேயரிடம் பையனை அனுப்பினார். மில்லர்டு துரை அது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று சொன்னதோடு, அலமாரி அலமாரியாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளையும் காட்டினார். பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவனுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கிய அந்தப் பெரியவரைப் பாராட்டத்தான் வேண்டும்.

அதற்குப் பிறகு எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. தீராத தலைவலியால் பையனின் படிப்பு தடைப்பட்டது. மெட்ரிகுலேஷனில் தட்டுத்தடுமாறித் தேறினார். கல்லூரியில் ஓராண்டுதான் தாக்குப்பிடிக்க முடிந்தது. உறவினர்களின் சுரங்க வேலையையும் மரத் தொழிலையும் பார்க்க பர்மாவில் உள்ள தவோய்க்கு அனுப்பினார்கள். அங்கே கணக்குப் பார்த்ததைவிடக் காட்டில் பறவை பார்த்ததுதான் அதிகம். தொழில் நட்டத்தில் முடிந்தது.

பம்பாய் திரும்பியபோது குடும்பத்தார் வணிகவியல் படிக்கச் சொன்னார்கள். இந்த இடத்தில்தான் நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு குருவானவர் வருகிறார். தூய சவேரியார் கல்லூரியில் இருந்த இயேசு சபை அருட்தந்தை எதல்பெர்ட் பிளாட்டர். சுவிட்சர்லாந்தில் பிறந்தவர், தாவரவியலில் பெரும் அறிஞர். இந்திய, இலங்கைப் பனையினங்களைப் பற்றி ஒரு தடித்த நூலே எழுதியவர். அவர் சேர்த்த உலர்தாவரத் தொகுப்பு இன்றும் அந்தக் கல்லூரியில் அவர் பெயரிலேயே இருக்கிறது. இந்த இளைஞனின் மனம் கணக்குப் புத்தகத்தில் இல்லை என்பதை அவர் கண்டுகொண்டார். விலங்கியல் படி என்று வற்புறுத்தினார். காலையில் வணிகக் கல்லூரி, பிறகு சவேரியார் கல்லூரியில் விலங்கியல் வகுப்பு என்று சாலிம் அலி இரண்டையும் படித்தார். பட்டம் என்று ஒன்று கடைசிவரை வாங்கவில்லை. 1918 டிசம்பரில் தூரத்து உறவினரான தெஹ்மினாவை மணந்தார்.

பட்டம் இல்லாதது பின்னால் அவருக்கு இடறுகல்லாக வந்தது. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியலாளர் பதவிக்கு அவர் தகுதி பெறவில்லை. 1926-ல் பம்பாய் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அருங்காட்சியகத்தில், பார்வையாளர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 350 ரூபாய், அந்தக் காலத்துக்கு நல்ல பணம். ஆனாலும் தனக்குத் தெரிந்தது போதாது என்று அவருக்குத் தோன்றியது. 1928-ல் விடுப்பு எடுத்து ஜெர்மனி சென்று, பெர்லின் அருங்காட்சியகத்தில் எர்வின் ஸ்ட்ரெசெமான் என்ற பேரறிஞரிடம் முறையாகப் பயிற்சி பெற்றார். 1930-ல் ஊர் திரும்பினால், பணப் பற்றாக்குறை என்று சொல்லி அந்த வேலையையே எடுத்துவிட்டிருந்தார்கள்.

குடும்பஸ்தனுக்கு வேலை போவது என்றால் என்ன என்பதை நம் ஊர்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளிநாடு போய்ப் படித்துவிட்டு வந்தவர் சும்மா இருக்கிறார் என்றால் உறவினர்கள் பேச்சு எப்படி இருக்கும் என்பதும் தெரிந்ததுதான். சாலிம் அலியும் தெஹ்மினாவும் பம்பாயை விட்டுக் கடலுக்கு அக்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோரக் கிராமத்துக்குக் குடிபோனார்கள். அங்கே வீட்டுக்குப் பக்கத்தில் தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அந்த மழைக்காலம் முழுவதும், வேறு வேலை இல்லாத அந்த மனிதர், தினமும் மணிக்கணக்காக அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் குருவி எந்தக் கூட்டில் எந்த நாளில் என்ன செய்தது என்று குறித்து வைத்தார்.

அவர் கண்டது இதுதான். கூடு கட்டுவது ஆண் குருவி மட்டுமே. தலை மஞ்சளாக மாறியிருக்கும் காலத்தில் அது நெல் தாளையும் புல்லையும் நீள நீளமாகக் கிழித்து வந்து முடிச்சுப் போட்டுப் பின்னுகிறது. ஆனால் முழுக் கூட்டையும் கட்டிவிடுவதில்லை. கவிழ்த்த தொப்பி போலப் பாதி கட்டியதும் நிறுத்திவிட்டு, சிறகடித்துக் கத்தி அழைக்கிறது. பெண் குருவிகள் வந்து, நாம் கல்யாணத்துக்கு முன் மாப்பிள்ளை வீடு பார்ப்பது போல, உள்ளே நுழைந்து பின்னலை இழுத்துப் பார்க்கின்றன. ஒரு பெண் குருவிக்குப் பிடித்துப்போனால்தான் ஆண் மீதியைக் கட்டி, கீழ்நோக்கிய குழாய் வாசலையும் முடிக்கிறது. பிறகு முட்டையிடுவதும், அடைகாப்பதும், குஞ்சு வளர்ப்பதும் பெரும்பாலும் தாயின் பொறுப்பு. அப்பா என்ன செய்கிறார்? பக்கத்திலேயே அடுத்த கூட்டைக் கட்டத் தொடங்கி, அடுத்த பெண்ணை அழைக்கிறார்!

பாதியில் நிற்கும் கூடுகள் ஆண் குருவி ஊஞ்சலாடி இளைப்பாறுவதற்காகக் கட்டியவை என்றும் ஓர் எண்ணம் அதுவரை இருந்தது. அவை பெண் குருவிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய வீடுகள் என்பது இப்போது தெளிவாயிற்று. 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இந்தக் கட்டுரை வெளிவந்தது. அறிஞர் உலகம் சாலிம் அலியைத் திரும்பிப் பார்த்தது. பிற்காலத்தில் இமயம் முதல் குமரி வரை அவர் எத்தனையோ பயணங்கள் போனார். இருந்தாலும் அவருடைய ஆய்வுகளில் சிறந்தது எது என்று என்னைக் கேட்டால், செலவில்லாமல் வீட்டுப் பக்கத்தில் நடந்த இந்த ஆய்வைத்தான் சொல்வேன்.

கூட்டின் உட்புறத்தில் ஈரக் களிமண் உருண்டைகள் ஒட்டியிருக்கும். அதில் மின்மினிப் பூச்சியைப் பதித்து விளக்கேற்றிக்கொள்ளும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். அழகான கற்பனைதான். ஆனால் அங்கே இருப்பது மண் மட்டுமே. காற்றில் கூடு அதிகம் ஆடாமல் இருக்க அந்த எடை உதவலாம் என்பது ஒரு கருத்து.

நம் பக்கத்துக் குருவிகளுக்கு நெல் தாளோடு கரும்புத் தோகையும் கிடைக்கிறது. சேத்தியாத்தோப்பு கூட்டுறவு சர்க்கரை ஆலையை நம்பிக் கரும்பு போட்ட வயல்கள் இந்தக் குருவிகளுக்கும் கூடு கட்டப் பொருள் கொடுத்தன. தானியம் தின்னும் குருவிதான் என்றாலும், குஞ்சுகளுக்குப் பூச்சிகளையும் பிடித்து ஊட்டும். அதனால் விவசாயிக்கு அது முழு எதிரியும் இல்லை. அதற்கு முக்கியமாக வேண்டியது உயரமான மரம். பனையை வெட்டினால் அடுத்த பருவத்தில் அந்தக் கூட்டம் அங்கே இருக்காது. மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனைமரம் வெட்டக்கூடாது என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது. செங்கல் சூளைக்குப் பனை போன காலத்தை அறிந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

கிஹிம் நாட்களுக்குப் பிறகும் சாலிம் அலிக்கு நிரந்தர வேலை கிடைத்துவிடவில்லை. அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். சமஸ்தானங்கள் பயணச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால், சம்பளம் இல்லாமல் பறவைக் கணக்கெடுப்பு செய்து தருவதாகச் சொன்னார். ஹைதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் என்று ஒவ்வொன்றாக அழைத்தன. வசதியில் வளர்ந்த தெஹ்மினா கூடாரத்திலும் மாட்டுவண்டியிலும் கூடவே வந்தார். 1939-ல் ஒரு சிறிய அறுவை சிகிச்சைக்குப் பின் அவர் எதிர்பாராமல் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. சாலிம் அலி மறுமணம் செய்துகொள்ளவில்லை. சகோதரி வீட்டில் தங்கிக்கொண்டு வேலையில் மூழ்கினார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1941-ல், இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புத்தகம் வந்தது. காக்கை, மைனா, கொக்கு என்று சாதாரண மக்கள் வீட்டைச் சுற்றிப் பார்க்கும் பறவைகளை, வண்ணப் படங்களோடு, எளிய நடையில் அறிமுகம் செய்த நூல் அது. டேராடூன் சிறையிலிருந்த நேரு, நைனி சிறையிலிருந்த தம் மகள் இந்திராவுக்கு இந்தப் புத்தகத்தை அனுப்பி வைத்தார். இந்திரா காந்தி பின்னாளில் பறவைகள் மீதும் காடுகள் மீதும் காட்டிய அக்கறைக்கு அதுவும் ஒரு தொடக்கம்.

மோட்டார் சைக்கிள் அவருக்கு இன்னொரு பைத்தியம். 1950-ல் ஸ்வீடனில் நடந்த பறவையியல் மாநாட்டுக்குத் தம் சன்பீம் வண்டியைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், ஐம்பது வயதைத் தாண்டிய நிலையில் ஐரோப்பாவைச் சுற்றினார்! நம் டெல்டாவின் தென்கோடியில் உள்ள கோடியக்கரையும் அவர் மனதுக்கு நெருக்கமான இடம். குளிர்காலத்தில் ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் பறவைகளின் காலில் வளையம் மாட்டி, அவை எங்கிருந்து வருகின்றன என்று அறியும் பணியை அவருடைய கழகம் அங்கே பல ஆண்டுகள் செய்தது.

ஒன்றைச் சொல்லாமல் விடக்கூடாது. இவ்வளவு பறவைகளை நேசித்தவர், ஆய்வுக்காக ஏராளமான பறவைகளைச் சுட்டும் இருக்கிறார். இன்றைய வாசகருக்கு இது உறுத்தும். அந்தக் காலத்தில் இனங்களைப் பிரித்தறிய வேறு வழி குறைவு என்பதும், அந்தப் பதப்படுத்திய உடல்கள் இன்றும் ஆய்வுக்குப் பயன்படுகின்றன என்பதும் உண்மை. அவர் இதை மறைத்ததும் இல்லை.

அமெரிக்கப் பறவையியலாளர் டில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து எழுதிய பத்துத் தொகுதி நூல் 1974-ல் நிறைவுற்றது. 1976-ல் பத்ம விபூஷண் விருது வந்தது. அதே காலத்தில் கெட்டி பரிசாகக் கிடைத்த 50,000 டாலரை அவர் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்பு நிதி ஒன்றுக்கு மூலதனமாக்கினார். கிஹிமில் வாடகைக்கு யோசித்த மனிதர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1985-ல் மாநிலங்களவை உறுப்பினரானார். அதே ஆண்டு தன்வரலாறும் வெளிவந்தது. சிறுவயதில் தாம் சுட்ட குருவியின் வீழ்ச்சியையே அதற்குத் தலைப்பாக்கினார். மத்தேயு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தைப் படித்தவர்களுக்கு அந்தத் தலைப்பு உடனே வேறொன்றையும் நினைவூட்டும். 1987 ஜூன் 20 அன்று, 90-வது வயதில் அவர் மும்பையில் இறந்தார். 1990-ல் கோயம்புத்தூர் அருகே ஆனைக்கட்டியில் அவர் பெயரில் பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

தமிழ்நாட்டில் 2015 முதல் ஒவ்வொரு பொங்கல் விடுமுறையிலும் பறவைக் கணக்கெடுப்பு நடந்து வருகிறது. வீட்டு வாசலிலோ, ஏரிக்கரையிலோ 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து அனுப்பினால் போதும். பள்ளிப் பிள்ளைகளும் சேரலாம். சேத்தியாத்தோப்பிலோ புவனகிரியிலோ இருந்து அனுப்புகிறவர்கள் ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். கூடு கட்டும் பருவம் முடிந்துவிட்டால் ஆண் தூக்கணாங்குருவியின் மஞ்சள் நிறம் மறைந்து, பார்ப்பதற்குப் பெண் சிட்டுக்குருவி போலவே இருக்கும். அலகு கொஞ்சம் தடித்திருக்கிறதா, வால் குட்டையாக இருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.