இராபர்ட் கோக்

சயரோகம் ஒரு வீட்டைப் பற்றினால் அது அக்குடும்பத்தின் பிறவிக் குறை என்றே பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் மருத்துவர் பலரும் நம்பினர். பிறப்பின்மேல் பழியைப் போட்டுவிட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டிய தொல்லை இல்லையன்றோ! அந்த நம்பிக்கையைச் சான்று காட்டித் தகர்த்தவர் இராபர்ட் கோக்.

ஜெர்மனியில் கிளவுஸ்தால் என்னும் சுரங்க ஊரில் 1843 டிசம்பர் 11 ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் சுரங்கப் பணியில் இருந்தவர். வீட்டில் குழந்தைகளோ பலர். கோட்டிங்கனில் மருத்துவம் கற்று 1866 இல் பட்டம் பெற்றார். 1872 இல், இன்று போலந்தில் உள்ள வோல்ஸ்டைன் என்னும் சிற்றூரில் அரசு மருத்துவரானார். அங்கே ஆய்வுக்கூடம் ஏது? நோயாளரைப் பார்க்கும் அறையின் ஒரு பகுதியே ஆய்வுக்கூடம். எலிகளும் ஒரு நுண்பெருக்கியுமே துணை. ஆடுமாடுகளைக் கொன்ற அடைப்பான் நோய்க்கு ஒரு குறிப்பிட்ட பாக்டீரியாவே காரணம் என்பதை 1876 இல் அவ்வூரிலிருந்தே மெய்ப்பித்தார்.

1880 இல் பெர்லின் அவரை அழைத்தது. ஒருவகைக் கிருமியை மட்டும் பிரித்து வளர்ப்பதே அப்போதைய பெருஞ்சிக்கல். கோக் ஜெலட்டினைப் பயன்படுத்தினார். உடற்சூட்டில் அது உருகியது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரைப் பயன்படுத்தலாம் என்று வழி சொன்னவர் பான்னி ஹெஸ்ஸே. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரின் மனைவியார். அது அவர் சமையலறையில் கையாண்ட பொருள்! நூல்களில் அவ்வம்மையாரின் பெயர் சிறிதாகவே இடம்பெறுவது வருந்தத்தக்கது.

சயரோகக் கிருமி எளிதில் சாயம் ஏற்பதில்லை. கோக் மெத்திலீன் நீலத்துடன் காரம் சேர்த்துச் சாயமேற்றி, அதன்மேல் பழுப்புச் சாயம் இட்டார். பழுப்புத் திசுக்களின் நடுவே மெல்லிய நீலக் கோல்கள் தோன்றின. கட்டியாக்கிய இரத்தச் சீரத்தில் அவற்றை வளர்க்க முயன்றார். இரண்டாம் வாரத்தில்தான் வளர்ச்சி கண்ணுக்குத் தெரிந்தது. பொறுமையற்றவர் முன்னரே அதனைக் கொட்டியிருப்பர்! அவ்வளர்ப்பைச் செலுத்திய விலங்குகளுக்கும் அந்நோயே கண்டது. 1882 மார்ச் 24 அன்று பெர்லின் அறிஞர் கூட்டத்தில் இவை அனைத்தையும் அறிவித்தார். நோயின் காரணம் பிறப்பு அன்று, கிருமியே என்பது தெளிவாயிற்று.

ஒருமுறை சாயம் ஏற்றால் அக்கிருமி அமிலத்தால் கழுவினாலும் அதனை விடாது. அதை எர்லிக் கண்டார். சீல், நீல்சன் ஆகியோர் செம்மைப்படுத்தினர். நோயாளியின் கோழையைக் கண்ணாடித் துண்டில் தடவி, சிவப்புச் சாயமிட்டுச் சூடாக்கி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயமிடுவர். நீலத்திடையே சிவந்த கோல்கள் தெரிந்தால் சயரோகம் என ஐயுறுவர். விலையேறிய கருவி வேண்டாத இச்சோதனை எளிய மருத்துவமனைகளில் இன்றும் நடைபெறுகிறது.

கோக் கல்கத்தாவில் 1884 இல் வாந்திபேதிக் கிருமியையும் உறுதி செய்தார். 1890 இல் சயரோகத்துக்கு மருந்தென அவர் அறிவித்த டியூபர்குலின் பொய்த்தது. நம்பி வந்த நோயாளர் பலர் ஏமாந்தனர். ஆயினும் அப்பொருளே பின்னர்த் தோலில் இட்டுத் தொற்றை அறியும் சோதனைக்கு உதவியது. 1905 இல் நோபல் பரிசு பெற்ற அவர், 1910 மே 27 அன்று பாடன்-பாடன் நகரில் காலமானார். அவரது சாம்பல் பெர்லினில் அவர் பெயர் தாங்கிய நிலையத்தில் வைக்கப்பட்டுள்ளது.